கொடியில் காய்ந்த வார்

"ஏட்டி, நாலு எழுத்து படிச்சிட்டா பிள்ளை தொடைக்குள்ள இருக்கது ஒனக்குத் தெரிஞ்சிருமோ?" என்று கேட்டாள் குழந்தையின் அத்தை.

ஊரில் மற்றவர்கள் என்னை நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இவள் என் அப்பாவோடு பருத்திக்காட்டில் கூலிக்கு நின்றவள். அவளுக்கு நான் ஏட்டிதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் வெள்ளைச் சேலைக்கு வேறு யாரையும் கஞ்சி போட விடமாட்டேன். அந்தக் கேள்வி உறைத்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. கோவில்பட்டி பஸ்ஸில் வந்து இறங்கி, மழை பெய்த கரிசலில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்து வந்திருந்தேன்.

அந்தப் பெண்குழந்தை கால் முதலில் வந்து பிறந்தது. அப்படிப் பிறந்தால் இடுப்பைப் பார்க்காமல் விடாதே என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். முழங்கால்களை மடக்கித் தொடைகளை மெதுவாக வெளிப்பக்கம் விரித்தேன். இடது பக்கம், விலகியிருந்த மூட்டு என் விரலுக்கடியில் தட்டிக் குழிக்குள் இறங்கியது. கையை எடுத்தால் மறுபடி நழுவியது. குழந்தை அழவே இல்லை. அழாத பிள்ளைக்குக் கோளாறு என்றால் யார் நம்புவார்கள்? இப்போதே கவனிக்காவிட்டால் காலமெல்லாம் நொண்டும் என்றேன். அதற்குத்தான் அத்தையின் அந்தக் கேள்வி.

அந்த வீட்டில் குளிப்பாட்டியதும் இரண்டு கால்களையும் நீட்டிச் சேர்த்து, பழைய வேட்டித் துணியால் இறுக்கிச் சுற்றுவார்கள். பெண்பிள்ளைக்குக் கால் கோணக்கூடாதாம். அந்தக் கட்டுதான் மூட்டை வெளியே தள்ளும் என்று நான் சொல்லச் சொல்ல, அத்தை இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

திரும்பத் திரும்பப் போனேன். ஒருநாள், வீட்டில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த குழந்தையின் அம்மா, பசை காய்ந்த விரல்களோடு என் பின்னாலேயே தெருவுக்கு வந்தாள்.

"அக்கா, நீங்க கைவச்ச எடத்துல நானும் வச்சுப் பாத்தேன். தட்டுச்சு."

தாயையும் பிள்ளையையும் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, நடக்கத் தொடங்கிய பிறகு வந்திருந்தால் கத்தி வைக்க வேண்டி வந்திருக்கும் என்றார். இப்போதைக்கு வார் போதும். தோளில் மாட்டி, கால்களை மடக்கி அகட்டிப் பிடித்திருக்கும் வார். இரவும் பகலும் கழற்றக்கூடாது, உடம்பைத் துடைத்துவிட்டால் போதும் என்று அம்மாவிடம் இருமுறை சொல்லி அனுப்பினார்.

அடுத்து நான் போனபோது வார் துணிக்கொடியில் தொங்கியது. பிள்ளை மறுபடி வேட்டித்துணிக்குள் நேராகக் கிடந்தாள்.

எண்ணெய் வாடை அடித்ததால் துவைத்துப் போட்டதாக அத்தை சொன்னாள். "அம்மன் கோயில் கொடை முடியட்டும், மாட்டிக்கிடலாம். தவளை மாரி கெடக்க பிள்ளைய சாமிகிட்ட எப்படித் தூக்கிட்டுப் போக?"

கோபப்படக்கூட முடியவில்லை. உட்கார்ந்து கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். மூட்டு வெளியே இருந்தது. குழந்தையின் அம்மா கதவைப் பிடித்தபடி நின்றாள். அவள் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். தொட்டுப் பார்த்துவிட்டு அத்தை பக்கம் திரும்பினாள்.

"மதினி, நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன்," என்றாள்.

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா சேலை மாற்றிக்கொண்டு வருவதற்குள், வாரை ஈரத்தோடு பையில் போட்டு, கால்கள் அகன்றிருக்கும்படி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, பஸ் வரும் ரோட்டுக்கு நான் நடக்கத் தொடங்கியிருந்தேன்.