எந்தப் பக்கம்?

நான் காலேஜில் படித்த சமயம், இட ஒதுக்கீட்டுப் போராட்டத்துக்காகச் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்ததால் எங்கள் பஸ் கள்ளக்குறிச்சியைத் தாண்டவில்லை. தூரத்தில் கூச்சல் கேட்டதும் இறங்கி ஓடி, பக்கத்து விளையாட்டு மைதானத்துக்குள் புகுந்து, கேலரியில் ஏறிக் குனிந்து உட்கார்ந்தேன். முதலில் மண்மேடாகவும் பிறகு சவுக்குக் கட்டைகளாகவும் இருந்த கேலரி அது. அந்த வருடம்தான் சிமெண்டுக்கு மாறிக்கொண்டிருந்தது. இப்போது கூரையும் வந்துவிட்டது.

வைக்கோல் பரப்பிய புதுப் படிகளுக்கு ஒருவர் சொம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒல்லி உடம்பு, தலையில் சிமெண்டுச் சாக்கு. ஊற்றிய இடத்தையெல்லாம், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தார். என்னைக் கண்டதும் சொம்பை வைத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தார்.

"இன்னாப்பா, எந்தப் பக்கம்?"

அந்த நாட்களில் ஊரைக் கேட்டால் சாதியைக் கேட்பதாகத்தான் அர்த்தம். எதைச் சொன்னால் அடி விழாது என்று தெரியவில்லை. "திருக்கோவிலூர் பக்கங்க" என்று பொய் சொன்னேன்.

"அத்த யாரு கேட்டாங்க? எந்தப் பக்கமா ஏறுனன்னு கேட்டேன். கெழக்கால இன்னும் காயல. மிதிச்சிட்டியா?"

நான் மேற்கே ஏறியிருந்தேன். சொன்னதும் கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு, குடத்திலிருந்து எனக்குக் குடிக்கத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். குடித்த தெம்பில், பேச்சுக்காகக் கேட்டேன்.

"உங்களுக்கு எந்த ஊருங்க?"

என்னைப் பார்த்தபடியே, அவர் கை மெல்லக் கடப்பாரையைத் தேடிப் போனது.