குசினிக்குள் கேட்ட படம்

நான் மாதா கோயிலோடு நின்றுவிட்டேன். மனைவி மட்டும் மாறிப்போன அல்லேலூயா சபையில், வேதப் படங்களைத் தவிர வேறு சினிமா பார்க்கக்கூடாது. கடலில் கால் நனைக்காத பாஸ்டர் போட்ட அந்தச் சட்டத்தில் எனக்கு எரிச்சல்தான். ஞாயிறு பின்னேரம் நான் டிவியில் படம் பார்க்கும்போது, அவள் குசினிக்குள் மீன் வெட்டியபடி கதை கேட்பாள். பார்க்கத்தானே கூடாது என்பது அவளுடைய நியாயம்.

ஒருநாள் படத்தில், என்னைப் போலக் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை.

"வந்திட்டானோ?" என்று மனைவி குசினிக்குள் இருந்து கேட்டாள்.

"ஓம், கரைக்கு வந்திட்டான்."

சோறு போடும்போது மெதுவாகச் சொன்னாள்: "அவன்ர மனிசி குழறி அழுதது எனக்கும் கேட்டது. ஆனா நீங்கள் சொன்ன மாதிரியே இருக்கட்டும். விடிய நீங்களும் கடலுக்குப் போறியள்."