அண்ணன் திறந்த வாய்க்கால்

எங்கள் அண்ணன் கொல்லிமலையில், தேவனூர் நாட்டில் பிறந்தவர். பெற்றோர் அடுத்தடுத்துப் போய்விட, மீசை அரும்பும் வயதிலேயே மிளகுக் கொடியையும் மரவள்ளிக் காட்டையும் தங்கை என்னையும் சேர்த்து வளர்த்தார். கோபக்காரர், கோழி குறுக்கே வந்தாலும் திட்டுவார். என்னை மட்டும் ஒரு நாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எப்போதும் "கண்ணு"தான்.

எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த வருடம் ஊற்று வற்றியது. அக்கம்பக்கத்தார் திருப்பூருக்கு மூட்டை கட்டத் தொடங்கினார்கள். "தண்ணி வராம ஒரு ஊட்டுக்கும் பூட்டுப் போட உடமாட்டேன்" என்று அண்ணன் மண்வெட்டியோடு கிளம்பினார். மேலே காட்டுக்குள் கல் பாவிய பழைய வாய்க்கால் ஒன்று உண்டு. வெட்டியவர்கள் யாரென்று எவருக்கும் தெரியாது. நானும் பிடிவாதமாகக் கூடப் போனேன்.

காட்டுக்குள் நாங்கள் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கல்லைக் கல்லில் தட்டினால் எதிரில் இருப்பவரும் தட்டுவார். பெயர் சொல்லி எந்தக் குரல் அழைத்தாலும் பதில் கொடுக்கக் கூடாது. சின்ன வயதிலிருந்தே பழகிய வழக்கம் இது.

சருகை ஒதுக்கி ஒதுக்கி வாய்க்காலைப் பிடித்துக்கொண்டே ஏறினோம். ஓரிடத்தில் அது பாறையைக் குடைந்த பொந்துக்குள் நுழைந்தது. நல்ல வெயில் நேரம். ஆனால் அங்கே ஒரு பறவைச் சத்தமும் இல்லை. அண்ணன் தவழ்ந்து உள்ளே போனார். வேரை வெட்டும் ஓசை கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது.

அப்போதுதான் உள்ளிருந்து அண்ணனின் குரல் என்னைப் பெயர் சொல்லி அழைத்தது.

கல்லைத் தட்டினேன். பதிலுக்குத் தட்டல் இல்லை. மறுபடியும் என் பெயர், இன்னும் பிரியமாக. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். வெகுநேரம் கழித்துக் கலங்கல் தண்ணீர் புரண்டு வந்தது. அதன் பின்னால், உடம்பெல்லாம் சேறாக, அண்ணனும் வந்தார்.

"என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டியா கண்ணு?"

"இல்லீங்கண்ணா. நீங்க?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு வரும்வரை விடவில்லை.

அந்தத் தண்ணீரால் யாரும் ஊரை விட்டுப் போகவில்லை. நான் முள்ளுக்குறிச்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். ஆண்டுதோறும் அண்ணனே வாய்க்காலைத் தூர்வாரினார்; பொந்துக்குள் மட்டும் மறுபடி தலை நீட்டவில்லை.

கடைசி நாட்களில் ஒரு மத்தியானம், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அன்னைக்கு உள்ள உன் கொரலு கேட்டுச்சு கண்ணு. தப்புன்னு தெரியும். உன் கொரலாச்சே, பேசாம வர மனசு வல்லை. பொறவு வாரேன்னு சொல்லிப்புட்டேன். இப்பக் கூப்புடுது." மறுநாள் விடிவதற்குள் போய்விட்டார்.

அண்ணனை ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் கொண்டுபோன பங்காளிகளுக்கும், காரியத்துக்கு வந்து எங்களோடு அழுதவர்களுக்கும், இந்த வருடம் வாய்க்காலைச் சுத்தம் செய்த ஊர்க்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த நினைவு மலரில் அண்ணனின் பெயரை நான் எழுதவில்லை. காரணம் உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும்.

முதலாண்டு நினைவு நாளுக்குப் பூ வைக்கப் பொந்துவரை போனேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளிருந்து குரல் வந்தது. பெயர் சொல்லவில்லை, "கண்ணு" என்றது.

பதில் சொல்லக் கூடாது என்று எனக்கும் தெரியும். "பொறவு வாரேனுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுத்தான் மலையிறங்கினேன்.