பிராதை வாபஸ் வாங்கியவள்

விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் அன்புக்கரசிக்கு இருபத்திரண்டு வருடமாக ஒரே வேலை, தட்டிப் பார்ப்பது. சூளையிலிருந்து வரும் ஃபியூஸ் கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுவாள். கணீரென்றால் நல்லது, பிசிறடித்தால் விரிசல். ஆனால் சூட்டோடு ஒன்றையும் தட்ட மாட்டாள். பாதி விரிசல் ஆறும்போதுதான் விழும். புதிதாய் வந்தவர்கள் அவசரப்பட்டால், "ஆறட்டும்டி, எங்க ஓடிடப் போவுது?" என்று அதட்டுவாள்.

அப்படிப்பட்டவள்தான் புருஷன் விஷயத்தில் புத்தியை அடகு வைத்தாள்.

கோவிந்தராசுவுக்கு நிணநீர்ப் புற்று. இரண்டு சுற்று கீமோ கொடுத்தும் கழுத்துக் கட்டி கரையவில்லை. கடைசியில் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரி அவனை ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டது. அவன் ரத்தத்திலிருந்தே எதிர்ப்பு அணுக்களைப் பிரித்து, புற்றை அடையாளம் கண்டு அடிக்கும்படி மாற்றி, திரும்ப உடம்பில் ஏற்றும் வைத்தியம். அந்த வாரமே அவள் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டினாள். குறையைச் சீட்டில் எழுதிக் கட்டினால் தொண்ணூறு நாளில் சாமி தீர்த்துவைப்பார் என்பது ஊர் நம்பிக்கை. தீர்ந்ததும் ராஜினாமா எழுதிக் கொடுத்து வழக்கை முடிக்க வேண்டும்.

அணுக்களை ஏற்றிய முப்பதாம் நாள் ஸ்கேனில் கட்டியைக் காணோம். டாக்டர் ஸ்ரீப்ரியா சிரிக்கவில்லை. "மூணு மாசம் போகட்டும்மா. அப்பத்தான் ஏதும் சொல்ல முடியும்."

யார் கேட்டது? "வேலய முடிச்சுக் குடுத்த சாமியக் காக்க வெக்கலாமா?" என்றான் கோவிந்தராசு பஸ்ஸிலேயே. மறுநாள் ராஜினாமா கொடுத்துவிட்டாள். அன்றைக்கு அவளைப் போல் சந்தோஷப்பட்டவள் ஊரிலேயே கிடையாது. ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை.

மூன்றாம் மாதம் கழுத்தில் மறுபடி கட்டி.

"ஏத்தின அணுக்கள் சீக்கிரமே குறைஞ்சுபோச்சு," என்றார் டாக்டர். "ரத்தத்துல அழற்சியைக் காட்டுற அளவு, சிகிச்சைக்கு முன்னாடியே அவருக்கு ரொம்ப அதிகம். அப்படி இருக்கிறவங்களுக்குத் திரும்பி வர்ற வாய்ப்பும் அதிகம்."

"முன்னாடியே தெரியுமா? ஏன் சொல்லலிங்க?"

"எல்லாருக்கும் வர்றதில்லம்மா. வராதவங்கள்ல ஒருத்தரா இருப்பார்னு நெனச்சோம். அவர் ரத்தம் எங்களுக்கு நிறைய கத்துக் குடுத்திருக்கு. இனிமே வர்றவங்களுக்கு உதவும்."

இனிமேல் வருகிறவர்களுக்கு! எவளோ ஒருத்தியின் புருஷன் பிழைக்க, இவள் புருஷன் பாடப்புத்தகம் ஆனான். ஆனாலும் டாக்டரைத் திட்ட வாய் வரவில்லை. ரத்தம் முதலிலேயே அப்படித்தான் இருந்தது என்பது புத்திக்குப் புரிந்தது, மனசுதான் கேட்கவில்லை. வழக்கு நடக்கும்போதே சாமியை வீட்டுக்கு அனுப்பியவள் அவள்தானே.

வெள்ளிக்கிழமை, கோயில் வாசலில் பிராது எழுதிக் கொடுக்கும் பழமலைநாதன் பேனாவைத் திறந்தார். "யாரு மேலம்மா பிராது?"

"தீர்றதுக்கு முன்னாடியே தீந்துபோச்சுன்னு எழுதிக் குடுத்தவ மேல."

"யாரும்மா அது? பேரச் சொல்லு."

"அன்புக்கரசி," என்றாள். "தொழிலு, தட்டிப் பாக்கறது. எழுதுங்க."