கிளாரா அக்கா தைத்த முருங்கைக்காய்க் கட்டு

வியாழக்கிழமை காலை, முதல் டீ நேரத்தில் சூப்பர்வைசர் வந்து சொன்னார்: "கிளாராம்மா தவறிட்டாங்களாம்." சாம்பிள் தைக்கும் எங்கள் பிரிவில் பதினோரு வருடம் எனக்குப் பக்கத்து மெஷினில் இருந்தவர் அவர். அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது பழைய பொறாமைதான். இனி எல்லாரும் அவரைப் பற்றி மட்டுமே பேசுவார்கள் என்று தோன்றியது. அதை மறைத்து எழுதினால் இது அஞ்சலியாகாது.

அனுப்பர்பாளையத்தில் இருக்கும் எங்கள் பனியன் கம்பெனியில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், மெல்லிய வெள்ளை மல் துணியில் கையால் பூவேலை செய்து கொடுப்பார் அக்கா. இறந்தவரின் முகத்தைத் தைக்க மாட்டார். கட்டிங் மாஸ்டர் இறந்தபோது தைத்தது, காதில் செருகிய பென்சில். அதைப் பார்த்து அவர் மனைவி உடைந்து அழுதபோது, துணியின் பின்பக்கத்து முடிச்சுகளை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். என் வேலையில் முடிச்சே தெரியாது.

என் அப்பா இறந்தபோது அக்கா கேட்டார்: "அப்பாவுக்கு என்ன கண்ணு புடிக்கும்?"

"நானே தெச்சுக்கறேனுங்க," என்றேன்.

புகைப்படத்தில் இருந்தபடியே அப்பாவின் முகத்தைத் தைத்தேன், மீசை நரை உட்பட. "நல்லாருக்குது கண்ணு," என்று அம்மா வாங்கி பீரோவில் வைத்தார். இரண்டு மாதம் கழித்து அவர் மடியில் வேறொரு துணியைக் கண்டேன். மூலனூர் சந்தைக்கு அப்பா கொண்டுபோகும் முருங்கைக்காய்க் கட்டு, சைக்கிள் கேரியரில். ஒரு காய் மட்டும் நழுவித் தொங்கியது. அம்மா அதையே தடவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அக்காவிடம் வெடித்தேன். "என்னைய விட நீங்க நல்லா தெப்பீங்களாக்கும்?"

"இல்ல கண்ணு. உன்ற கை சுத்தம், எனக்கு அது வராது. உங்கம்மாவே தேடி வந்தாங்க. மூணு ஞாயித்துக்கெழம பேசுனாங்க. நா கேட்டுட்டே தெச்சேன்."

அம்மா என்னிடம் அப்பாவைப் பற்றிப் பேசியதே இல்லை. நானும் கேட்டதில்லை. ஆறு மாதம் அக்காவோடு பேசாமலிருந்தேன். அவரோ தினமும் "வந்துட்டியா கண்ணு?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அக்காவின் அடக்கம் முடிந்த மறுவாரம் அவர் மகள் என்னிடம் வந்தார். "அம்மாவுக்கு நீங்கதானுங்க தெச்சுத் தரோணும்." அக்காவுக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்தேன். ஒன்றும் தெரியவில்லை. நேற்று பொங்கலூரில் அவர்கள் வீட்டுக்கே போய்க் கேட்டேன். மகள் சொல்லத் தொடங்கினார், அழுதார், எதையோ நினைத்துச் சிரித்தார். இத்தனையும் தெரிந்த அவர்மேலும் எனக்குப் பொறாமை வந்தது. பொழுது சாய்ந்தது. ஊசியில் நான் நூல்கூடக் கோக்கவில்லை.

போய் வாருங்கள் அக்கா. உங்கள் மகள் இன்னும் பேசி முடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வரச்சொல்லியிருக்கிறார்.