தெருவிளக்கும் சாமந்தியும்

நானும் அக்காவும்தான் வந்திருக்கிறோம். வாசல் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க அப்பா ஊரிலேயே தங்கிவிட்டார். தை மாதம் வீட்டில் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். ஆரணியில் பட்டுப்புடவை எடுத்துவிட்டுப் பேருந்துக்குப் போகும் வழியில் ஒரு செடிக்கடையில் நிற்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் வரும்போது வாசல் தொட்டிகளில் பூ இருக்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. இன்னும் மொட்டு விடாத சாமந்தி ஆறு, எழுநூற்று இருபது ரூபாய் என்று பேசி முடித்தாயிற்று.

பணத்தை வாங்காமல் கடைக்கார அம்மா கேட்கிறார்: "எங்கமா வைக்கப் போறீங்க?"

"வாசல்லதான். எதிர்லயே தெருவிளக்கு, ராத்திரியெல்லாம் பளிச்சுனு இருக்கும்," என்கிறாள் அக்கா பெருமையாக.

அவர் செடிகளை எங்கள் கையிலிருந்து வாங்கி மறுபடி வரிசையில் வைக்கிறார்.

"அப்ப இது வேணாம்மா. ராத்திரி வெளிச்சத்துல முழிச்சிகினு இருந்தா சாமந்தி மொட்டே வைக்காது. எங்க ஊட்டாண்ட கம்பத்துக்குக் கீழ வச்சிட்டு, பொங்கலுக்கு வெறும் எலையத்தான் பாத்தேன். பெட்டூனியா எடுங்க. வெளக்கு இருந்தாலும் பூக்கும், நம்ம ஊரு பனியும் அதுக்குப் புடிக்கும்."

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான், படித்தது தாவரவியல். இரவின் நீளம் பூப்பதை எப்படி முடிவு செய்கிறது என்று தேர்வில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். செடி வாங்கும்போது எங்கள் வாசல் தெருவிளக்கு மட்டும் நினைவுக்கு வரவில்லை.

"செடியத்தானடா மூணு வருஷம் படிச்ச?" அக்கா சிரிக்கிறாள்.

"உடுமா, பரீட்சையில தெருவெளக்கப் பத்திக் கேட்டிருக்க மாட்டாங்க," என்று எனக்காகப் பரிந்து பேசிக்கொண்டே அந்த அம்மா கிளை நிறைந்த பெட்டூனியாக் கன்றுகளாக எட்டு தேடி எடுக்கிறார்.

நானூறு ரூபாய் கூடுதல் வியாபாரத்தைத் தானாகவே விட்டவரிடம் அக்கா பேரம் பேசவில்லை. எட்டுக் கன்றுக்கும் சேர்த்து முந்நூற்று இருபது ரூபாய்.