பொம்பிளை பார்க்க முதல்நாள் கோப்பிக் கடைக்குப் போனது

ஒஸ்லோவில் ஆற்றங்கரைப் பக்கமாக நடந்தால் என்னிடம் கஞ்சா கேட்பார்கள். வைத்திருக்கிறாயா என்ற கேள்விகூடக் கிடையாது, என்ன விலை என்றுதான் தொடங்குவார்கள். நான் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளின் தகப்பன். கையில் தமிழ்க்கடையில் வாங்கிய கறிவேப்பிலைப் பை. தோல் இந்த நிறமென்றால் பைக்குள் என்ன இருக்கும் என்று அந்தக் கெட்டிக்காரப் பெடியளுக்கு முன்கூட்டியே தெரியும். ஒருநாள் விசர் வந்து கறிவேப்பிலையை எடுத்துக் காட்டினேன். அவன் மணந்து பார்த்துவிட்டு, இதை எப்படிச் சுருட்டிப் பத்துவது என்று மரியாதையாகக் கேட்டான்.

நோர்வே அவ்வளவு ஒழுக்கமான நாடு. சனிக்கிழமை பின்னேரத்தோடு வைன் கடையைப் பூட்டிவிட்டு, சனங்களைக் காப்பாற்றியாயிற்று என்று அரசாங்கம் நிம்மதியாக நித்திரை கொள்ளும். சனங்கள் பிளேன் ஏறி வேறு நாட்டில் போய் விழுந்து கிடக்கும். என்னோடு வேலை செய்தவர்கள் அம்ஸ்டர்டாம் போய் வந்தால், மத்தியானம் பழுப்புச் சீஸ் வைத்த பாணைக் கடித்துக்கொண்டு, அங்குள்ள கோப்பிக் கடைகளைப் பற்றிக் காசிக்குப் போய் வந்தவர்கள் மாதிரிச் சொல்லுவார்கள். பகிரங்கமாகக் கஞ்சா விற்கிற கடையாம், மெனு அட்டையும் இருக்குமாம், பொலிஸ் பார்த்துக்கொண்டே போகுமாம். நான் தலையாட்டுவேன். மச்சானுக்குக் கலியாணம் பேசும் வரைக்கும் எனக்கு அம்ஸ்டர்டாம் போக ஒரு தேவையும் இருக்கவில்லை.

மச்சான் என்றால் என் மனிசியின் தம்பி. ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளுகிற வேலை. ஒஸ்லோ புறநகர் புருசெத்தில் எங்கள் பிளாட்டின் சின்ன அறையில் இருந்தான். வயது முப்பத்தைந்தைத் தாண்டி, முன்மண்டை வெளித்துக்கொண்டு வந்தது. அவனுக்கு வந்த சம்பந்தமெல்லாம் ஒவ்வொரு சாட்டில் குழம்பியது. ஒரு பகுதி செவ்வாய் என்றது, ஒரு பகுதி படிப்புக் காணாது என்றது. துரொண்ட்ஹெய்மில் ஒரு தாய், பெடியன் சிரிக்கிறானில்லை என்றாள். சிரித்திருந்தால் ஏன் இளிக்கிறான் என்று கேட்டிருப்பாள்.

பிறகு ஹொலண்டில் ஒரு பெண் அமைந்தது. சாதகம் பொருந்தி, படம் மாறி, இரண்டு பேரும் ரெலிபோனில் கதைக்கலாம் என்று பெரியவர்கள் பெரிய மனதோடு அனுமதி தந்தார்கள். மச்சான் ரெலிபோன் காட் வாங்கிவந்து, குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டுக் கதைப்பான். நாங்கள் கேட்டுவிடக் கூடாதாம். எங்களுக்கென்ன வேறு வேலை இல்லையா? அந்த மாதங்களில் முழுக் குடும்பமும் துவாயோடு குளியலறை வாசலில் நின்றது. ஆனால் வெளியே வரும்போது அவன் முகத்தைப் பார்த்தால் ஏச மனம் வராது. இது சரிவராவிட்டால் இனி எனக்கு ஒருவரையும் பார்க்க வேண்டாம் என்று தமக்கையிடம் ஒருநாள் சொன்னான். 

ஞாயிற்றுக்கிழமை வந்து நேரில் பார்த்து முற்றாக்கச் சொன்னார்கள் பெண் வீட்டார். மனிசிக்கு லீவு கிடைக்கவில்லை. குடும்பத்தில் பொறுப்பான ஆள் என்று என்னை அனுப்பினாள், அவளுக்கும் வேறு வழியில்லை. சனிக்கிழமை காலையிலேயே அம்ஸ்டர்டாமில் இறங்கிவிட்டோம். பெண் வீடு ரயிலில் போகிற தூரத்தில் வேறொரு ஊர். எங்கள் ஆட்கள் ஐரோப்பாவில் எந்த நகரத்துக்குப் போனாலும் அங்கே ஒரு சொந்தக்காரர் பிடித்துக்கொண்டு போய் இடியப்பம் தருவார். அந்த வீட்டுப் பிள்ளை பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு வீடியோதான் நாங்கள் பார்க்கிற ஊர். அம்ஸ்டர்டாமில் எங்களுக்கு அப்படி ஒருவரும் இல்லை. அதனால் சுற்றுலாப் பயணி ஆனோம். கால்வாய் பார்த்தோம், சைக்கிள்காரரிடம் ஏச்சு வாங்கினோம், மழையில் நனைந்தோம். நாளைக்கு என்ன கதைப்பது என்ற பயத்தோடு வந்த மச்சான் ஒரு கோப்பிக் கடை வாசலில் நின்றுவிட்டான்.

"அத்தான், உங்கடை வேலையாக்கள் சொல்லுற கடை உதுதானே? ஒருக்கா உள்ளுக்குப் போய்ப் பாப்பமே?"

"நாளைக்குப் பொம்பிளை பார்க்கப் போறாய். நினைவிருக்கோ?"

"அதாலைதான் கேக்கிறன்," என்றான்.

உள்ளே போனோம். கண்ணுக்கு எரிச்சல், பழைய சோபா, ஒரு கேடுகெட்ட பாட்டு. இதைப் பார்க்கத்தான் உலகமே பிளேன் ஏறி வருகிறது. ஒரு இங்கிலாந்துப் பெடியன் முகம் வெளிறிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒஸ்லோவில் பஸ்சில் பக்கத்துச் சீற்றில் இருக்கவே கூச்சப்படுகிற நோர்வேக்காரர் இரண்டு பேர் இங்கே வருகிறவன் போகிறவனையெல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரப் பெடியன் மருந்துக் கடைக்காரர் மாதிரி, இது நித்திரைக்கு, இது சிரிப்புக்கு என்று விளக்கினான். மச்சான் பயத்துக்கு ஏதும் இருக்கிறதா என்று கேட்டு ஒரு சுருளை வாங்கி, நாலு இழுவை இழுத்து, ஐந்து நிமிடம் இருமினான். நான் இரண்டு பேருக்கும் கோப்பி எடுத்தேன். வாயில் வைக்க முடியாத கோப்பி.

ஜன்னலோர மேசையில் கம்பளித் தொப்பியோடு ஒரு தமிழர் இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவர் எங்களைக் கண்டார், நாங்கள் அவரைக் கண்டோம். மூன்று பேரும் அவரவர் கோப்பையை ஆராய்ந்தோம். அப்படியே எழும்பிப் போயிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி இருக்கிறதே. இரண்டு பேர் நரகத்தில் சந்தித்தாலும் எண்ணெய்க் கொப்பரைக்குள் இருந்துகொண்டு எந்த ஊர் என்று கேட்போம்.

"தம்பியவை தமிழோ?"

"ஓம்."

"ஊரிலை எவடம்?"

மறைவாக ஒரு காரியம் செய்கிற எந்த மனிசனும் இந்த இடத்தில் ஒரு பொய் சொல்லுவான். மச்சான் ஊரைச் சொன்னான், வாசிகசாலை ஒழுங்கையைச் சொன்னான், தகப்பன் படிப்பித்த பள்ளிக்கூடத்தைச் சொன்னான், தாய் பகுதி எங்கே என்றும் சொன்னான். நான் மேசைக்குக் கீழே அவன் காலில் உதைத்தேன். கால் நீட்டி இருந்ததற்கு அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான்.

அவரும் அந்தப் பக்கத்து ஆள்தான். கதிரையை இழுத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்துவிட்டார். ஊர்க் கதை கதைத்துக் கதைத்து, கேட்காமலே தன் கதையைத் தொடங்கினார். ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய் முகாமில் வைத்திருந்தார்களாம். வலது கையைக் காட்டினார், விரல்கள் மடியவில்லை. இரவில் கண்ணை மூடினால் அந்த அறைதான் வருகிறதாம். டொக்டர் தந்த குளிசை போட்டால் மரக்கட்டையாகக் கிடக்கிறாராம். இதைப் பத்தினால்தான் மனிசனாக நித்திரை கொள்ள முடிகிறதாம்.

"வீட்டிலை ஒருத்தருக்கும் தெரியாது, தம்பி. தமிழ்ப் பள்ளிக்கூடக் கூட்டம் எண்டு சொல்லிப்போட்டு ரயில் ஏறி வாறனான். எங்கடை சனத்துக்கு உது தெரிஞ்சா, என்னை ஒரு கூட்டத்திலும் கதிரை போட்டு இருத்தாது."

சொல்லிவிட்டு அழுதார். நான் கோப்பையைப் பார்த்தேன், இப்படியான நேரத்தில் எனக்கு வேறொன்றும் செய்யத் தெரியாது. மச்சான் அந்த மடியாத கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு, அந்த மனிசனை ஆற்றுவதற்கென்று, தன் சந்தோசமான செய்தியை எடுத்துவிட்டான். நாளைக்குப் பெண் பார்க்கப் போகிறோம், இன்ன ஊர், தகப்பனுக்கு இன்ன வேலை, மூத்த மகள். ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

அவர் கையை இழுத்துக்கொண்டார். "நல்லது, நல்லது," என்றார். தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, பத்திக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு மழைக்குள் போனார். மச்சான், பாவம், நல்ல மனிசன் என்றான்.

அடுத்தநாள் பெண் வீட்டில் நடுச் சோபாவில், மூன்று குறி திருநீறும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டுமாக, அந்த நல்ல மனிசன் இருந்தார்.

"இவர்தான் பிள்ளையின்ரை பெரியப்பா. எங்கடை குடும்பத்திலை இவரைக் கேளாமல் ஒண்டும் செய்யிறேல்லை," என்றார் பெண்ணின் தகப்பன்.

"பயணமெல்லாம் சுகமோ, தம்பியவை?"

"ஓம் ஐயா, சுகம்."

"அம்ஸ்டர்டாம் சுத்திப் பாத்தியளோ?"

"கால்வாய் பாத்தனாங்கள்," என்றேன். அவரும் கால்வாய்கள் வடிவுதான் என்று ஒத்துக்கொண்டார்.

பெண் பலகாரத் தட்டோடு வந்தாள். மச்சானைப் பார்த்துச் சிரித்தாள். துரொண்ட்ஹெய்ம் தாய் வந்து பார்த்திருக்க வேண்டும், எங்கள் ஆள் வாய் நிறையச் சிரித்தான். இவ்வளவு நாளும் குரலாக இருந்தவள் முன்னால் நிற்கிறாள், அவனுக்கு வடை இறங்கவில்லை. பெரியப்பா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. மூன்று பேரும் ஒரே கடை வாடிக்கையாளர், யார் யாரைக் காட்டிக்கொடுப்பது என்று நான் மகா புத்திசாலித்தனமாக நினைத்துக்கொண்டேன்.

ஒஸ்லோ வந்த அடுத்த கிழமை பெண்ணின் தகப்பன் என் மனிசிக்கு ரெலிபோன் எடுத்தார். "கோவியாதேங்கோ, பிள்ளை. உங்கடை தம்பி போதைவஸ்து பாவிக்கிறவராம். அண்ணர் நம்பிக்கையான இடத்திலை விசாரிச்சவர்."

நம்பிக்கையான இடம்தான். ஜன்னலோர மேசை. மனிசி குசினியில் இருந்து அழுதாள்.  நடந்ததை அவளுக்குச் சொல்லிவிட்டு ரிசீவரைத் தூக்கினேன்.

"அந்தப் பெரிய மனிசன் எங்கை இருந்து கண்டவர் எண்டு நான் கேக்கிறன், பொறு."

மச்சான் ரெலிபோன் மேல் கையை வைத்துவிட்டான். "வேண்டாம் அத்தான்."

"உன்ரை வாழ்க்கையடா!"

"அந்தாள் எங்களுக்குப் பயந்திட்டுது. நாங்கள் சொல்ல முதல் தான் முந்தியிருக்கு."

"அப்ப இப்ப நாங்கள் சொல்லுவம்."

"என்ரை கையிலை கையை வைச்சுக்கொண்டு அழுத மனிசன், அத்தான். அதை வித்து நான் கலியாணம் கட்டேலாது."

இப்படி ஒரு விசரனை நான் கண்டதில்லை. தமக்கையும் தம்பியும் அழ, நான் மட்டும் வீட்டுக்குள் நடந்து திரிந்து தூஷணத்தால் ஏசினேன்.

பின்னேரம் அந்தப் பெண்ணே எடுத்தாள். மச்சான் இந்தமுறை ஹோலில் நின்றுதான் கதைத்தான். அவள் உரத்துக் கதைத்தாள், எனக்கும் கேட்டது.

"பொய் எண்டு சொல்லுங்கோ. அது காணும். மிச்சத்தை நான் அப்பாவோடை பாத்துக்கொள்ளுறன்."

மச்சான் என்னைப் பார்த்தான். சொல்லடா, பொய் என்று சொல்லடா என்று நான் கையைக் காட்டினேன்.

"பொய் இல்லை. ஒருநாள் பத்தினனான்," என்றான்.

"ஆர் கண்டது?"

"ஆரெண்டு தெரியேல்லை."

"ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியாதோ உங்களுக்கு?" என்று அவள் அழுதாள்.

 அவள் ரெலிபோனை வைத்த பிறகும் மச்சான் ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.